பன்னிரண்டரை மணிச் சண்டைகள்

சிப்பி மழலையகத்தில் பெற்றோரும் ஆசிரியரும் சண்டை போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. எல்லாப் புகழும் நயமொழியனுக்கே. டீச்சர் எழுதுவதை அந்த இயந்திரம் வாங்கி, காரத்தை எடுத்துவிட்டுத் தாயின் கைபேசிக்கு அனுப்பும். தாய் எழுதுவதும் அதன் வழியாகத்தான் டீச்சருக்குப் போகும். கொஞ்சம் மெருகேற்றும், அவ்வளவுதான் என்று இரு தரப்புக்கும் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளைத் தானோட்டி வண்டி வீட்டு வாசலில் இறக்கிவிடுவதால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற இரண்டே வருடம் இருந்த ஜெசிந்தா டீச்சர் மூன்றாம் முறையாக எழுதினார்: "அஃப்ரா கூப்பிட்டால் திரும்புவதில்லை. காதைப் பரிசோதியுங்கள்."

நான்கு வயது அஃப்ராவின் அம்மா ருக்சானாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "நீங்கள் எங்களுக்குக் கிடைத்த வரம், டீச்சர்."

"என்ன பொம்பள இவ!" என்றார் ஜெசிந்தா, காலி வகுப்பறையில்.

முன்பெல்லாம் பன்னிரண்டரைக்குக் கேட்டைத் திறந்தால் தாய்மார்கள் மொய்த்துவிடுவார்கள். டப்பாவில் சோறு ஏன் மிச்சம், முழங்காலில் ஏன் சிராய்ப்பு, ஒரு காலில் மட்டும் ஏன் சாக்ஸ் என்று பிடித்துக்கொள்வார்கள். இவரும் லேசில் விடமாட்டார். அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் ஒருத்தியின் மகனுக்குக் கண்ணாடி தேவை என்று தெரியவந்தது. மறுவாரம் அவளே மீன்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது குவியும் நன்றிகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் குழம்புக்கு ஈடாகுமா? அந்தக் கேட்டுச் சத்தத்துக்காக டீச்சர் ஏங்கினார்.

சனிக்கிழமை காலை, பெற்றோரை நேரில் சந்திக்கக் கூடாது என்ற விதியை மீறி, ருக்சானாவின் கதவைத் தட்டினார்.

"எத்தன தடவ எழுதுறது? புள்ளைக்குக் காது கேக்கல!"

"நான்தான டீச்சர் நாலு தடவ எழுதுனேன், வீட்ல கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, கிளாஸ்ல எப்படின்னு! நீங்கதான் 'சமத்துப் புள்ள'ன்னு பதில் போட்டீங்க!"

"நானா போட்டேன்?"

தெருவே எட்டிப் பார்த்தது. இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு இருவரும் அழுதார்கள். இத்தனை வருடம் கழித்து ஒரு தாயோடு சண்டை போட்டதில் ஜெசிந்தாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்றே மருத்துவரிடம் ஓடினார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. "மருந்து தர்றேன். ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம். வத்தலைன்னா உடனே ஆபரேஷன். தள்ளிப் போட்டா பேச்சும் போயிடும்மா" என்றார் அவர்.

இருவரும் சேர்ந்து, நயமொழியனைத் தூக்கி எறியுங்கள் என்று நிர்வாகத்துக்குக் காரசாரமாகப் புகார் எழுதினார்கள். அனுப்புவதற்கு ஒரே வழிதான் இருந்தது. தாயும் டீச்சரும் கூட்டாக எழுதிய முதல் பாராட்டுக் கடிதம் என்று நிர்வாகம் அதை ஊர் முழுக்கப் பரப்பியது.

மறுமாதம் பரிசோதனை முடிந்த மாலை, இருவரும் ருக்சானாவின் வீட்டில் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். மருத்துவர் நேரில் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மருத்துவமனையும் ஒரு நயமொழியன் வாங்கியிருந்தது.

கைபேசி ஒலித்தது. ருக்சானா வாசித்தாள்.

"அஃப்ராவுக்கு மிக அழகான காதுகள்."