சூடாகாத பிரேக்

விடிந்தும் விடியாத வேளையில் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இடப்பக்கம் விலகிப் புல்வெளியில் பாய்ந்தது; பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. பயணிகள் பிழைத்தார்கள். முன்வாசல் அருகே அமர்ந்திருந்த பணிப்பெண் மட்டும், பாவம், எழுந்திருக்கவே இல்லை.

‘பிரேக் பிடிக்கல’ என்று கேப்டன் கத்தியது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருந்தது. முந்தைய நாள்தான் வலப்பக்கச் சக்கரத்துக்குப் புது பிரேக் மாட்டியிருந்தார்கள். மாட்டிய மெக்கானிக்கைப் போலீஸ் பிடித்து வைத்தது. ஓர் உயிர் போன வழக்கு. அவருக்குச் சிறை உறுதி என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி அதிகம் பேசாத பெண்மணி. நேராகச் சக்கரங்களிடம் போய்க் குனிந்தார். விமானி, துணை விமானி இருவர் காலடியிலும் இரண்டிரண்டு மிதிகள் உண்டு; யார் மிதித்தாலும் பிடிக்கும். இடது கால் மிதித்தால் இடப்பக்கம் பிடிக்கும். வலது கால் மிதித்தால் வலப்பக்கம். இடப்பக்க பிரேக் வெந்து நீலம் பாரித்திருந்தது. வலப்பக்கமோ மாட்டிய மேனிக்குப் பளபளத்தது. அதைக் கழற்றிச் சோதித்தால் உடும்புப் பிடியாகப் பிடித்தது.

அடுத்துத் துணை விமானியை அழைத்தார். இளைஞன், அந்தக் கேப்டனோடு அன்றுதான் முதல் பயணம். வழக்கமாக வருபவர் விடுப்பில் இருந்தாராம்.

“சக்கரம் தரையைத் தொட்டதும் கேப்டன் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலைங்க மேடம். நடுவுல இருக்கற இன்ஜின் லீவர்ல ரெண்டு தட்டுத் தட்டினார். திரும்பவும் ரெண்டு தட்டு. ஏதோ பதற்றம்னு நினைச்சேன். அவர் கத்தினப்போ புல்லுல ஓடிட்டிருந்தோம்.”

மருத்துவமனையில் கேப்டனுக்குத் தலையில் மட்டும்தான் கட்டு. காலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் படியேறும்போது ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினார்.

அறையில் வழக்கமான துணை விமானி காத்திருந்தார். கேப்டனோடு பல வருடம் பறந்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அதிகாரி மழையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே பேனாவால் கட்டில் கம்பியில் இரண்டு முறை தட்டினார்.

யாரும் சொல்லாமலே துணை விமானியின் வலது கால் தரையை அழுத்தியது.

மூவரும் அந்தக் காலையே பார்த்தார்கள்.

அதிகாரி கேப்டனிடம் திரும்பினார். “வலது முட்டி போனதை மறைச்சிட்டீங்க. நீங்க தட்டுவீங்க, உங்களுக்காக இவர் மிதிப்பார். அன்னிக்கு மிதிக்க இவர் இல்ல.”

“அண்ணா, சொல்லிடுங்க,” என்றார் துணை விமானி.

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வெளிய தெரிஞ்சா இறக்கி விட்டுருவாங்கன்னு பயம். அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை, ‘மிதி’ன்னு சொல்லியிருக்கலாம். பக்கத்துல இருந்தது நீ இல்லங்கறதே எனக்கு உறைக்கலடா.”

சாயங்காலம் மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள். வாசல்வரை வந்த அதிகாரியிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் மாட்டின பிரேக் பிடிச்சிருக்குமாம்மா?”

“மிதிச்சிருந்தா பிடிச்சிருக்கும்.”

மெக்கானிக் தலையசைத்தார். இறந்துபோன பெண்ணின் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்.