கொசுறு

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. வாசல் கதவு விரியத் திறந்து, வெயில் கூடமெல்லாம் கொட்டிக்கிடந்தபோதுதான் மகள் நித்யஸ்ரீ அப்படிக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா லைட்டை அணைச்சுப்போட்டீங்க?"

அவர்கள் குடியிருந்த கணபதிப் பகுதியின் பட்டறைகளுக்கு அன்று விடுமுறை. லேத் சத்தம் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவது மட்டும் கேட்டது, அடுப்படியிலிருந்து வேர்ப்பொடி ஒன்றின் கசப்பு வாடை வந்துகொண்டே இருந்தது. லோகப்பிரியா செல்போன் டார்ச்சை மகளின் கண்ணருகே பிடித்தாள். கண்மணி சுருங்கவில்லை.

விழித்திரை செல்கள் மெல்ல மெல்லச் சாகும் நோய் பிள்ளைக்கு. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். லோகப்பிரியா வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், வால்பாறை மலைச்செடி ஒன்றின் வேர்ப்பொடி அதே செல்களைக் கண்ணாடித் தட்டில் பிழைக்கவைத்தது. எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. பெற்ற மனசு அதுவரை பொறுக்குமா? திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தாள். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், தினமும் பாலில் கடுகளவு கலக்கச் சொல்லிக் கணவனிடம் கொடுத்தாள். கொஞ்ச நாளில் பிள்ளை மங்கிய வெளிச்சத்திலும் தடுமாறாமல் படியிறங்கினாள். லோகப்பிரியா சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அளவு கூடினால் என்ன ஆகும் என்பதையும் அவள் அதே தட்டில் பார்த்திருக்கிறாள். தட்டைப் பற்றியிருந்த செல்கள் உருண்டு திரண்டு, பிடி விட்டு, ஊறிய ஜவ்வரிசி போல மிதக்கும். அவை மறுபடி ஒட்டியதே இல்லை.

அடுப்படிக்கு ஓடினாள். பொடி டப்பா முக்கால்வாசி காலி.

கணவன் கிருபாசங்கர் பால் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். ஈரோட்டு மஞ்சள் வியாபாரக் குடும்பம்; தராசு நின்ற பிறகும் ஒரு பிடி அள்ளிப் போடாமல் அவன் கை ஓயாது.

"ஏனுங்க, எவ்வளவு போட்டீங்க?"

"நீ சொன்ன அளவுதான் அம்மணி. மேல கொசுறா ஒரு சிட்டிகை. கண்ணு தெளியுதேன்னு அப்பறம் இன்னுங் கொஞ்சம் சேத்திப்போட்டேன்." அவன் சிரித்தான். "பெத்த புள்ளைக்கு அளந்தா போடுவாங்க?"

லோகப்பிரியா கூடத்துக்குத் திரும்பினாள்.

பிள்ளை இல்லை.

மாடிப்படியில் சுவரைக் கை உரசும் சத்தம். மேலே. இன்னும் மேலே. பிறகு அதுவும் இல்லை.

ஏறினாள். மூச்சு முட்டியது. மொட்டைமாடி. வெள்ளை வெயில்.

கொதிக்கும் தரையில் நித்யஸ்ரீ வெறுங்காலோடு நின்றாள். இரண்டு கை விரல்களாலும் இமைகளைப் பிளந்து பிடித்துக்கொண்டு, நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்ச நேரம் பாத்தாத் தெரிஞ்சுருமுங்கம்மா," என்றாள்.