இடப்பக்கத்துப் பெடல்கள்

மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கலாம் என்று தேவேந்திரன் இடது காலைத் தூக்கினான். கால் படுவதற்கு முன்பே கிளட்ச் தானாக உள்ளே போயிற்று. கியரை மாற்றியதும் அதுவே மெதுவாக மேலே வந்தது.

கேபிள் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தான். அவனுடைய டிரைவிங் ஸ்கூல் வண்டி அது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. எந்தப் பக்கம் மிதித்தாலும் மறுபக்கமும் சேர்ந்து அமுங்கும்படி இரண்டையும் கம்பியால் பிணைத்திருந்தார்கள். ஆனால் இப்போது அந்த இருக்கையில் யாருமில்லை.

சுங்குவார்சத்திரத்தில் கல்யாணச் சாப்பாட்டை வெளுத்துக்கட்டிவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பியவனை, நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த லாரிதான் தென்னேரிப் பக்கம் திருப்பிவிட்டது. பிரவீனா செத்த பிறகு அந்த ஏரிக்கரைச் சாலையை அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை விட்ட ஏரியின் பாசியும் சேறும் கலந்த வாடை, மூடிய கண்ணாடிகளைத் தாண்டி உள்ளே வந்து, கல்யாண வீட்டுச் சந்தன மணத்தைத் தின்றுவிட்டு, அவன் சட்டைக் காலரில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. கூடவே ஓடிவந்த தவளைச் சத்தம் சட்டென்று அடங்கியது.

பிரவீனா பட்டுக் கடையில் பில் போட்ட பெண். அப்பாவை டயாலிசிஸுக்குத் தானே காரில் கூட்டிப்போக வேண்டும் என்று ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். இதே சாலை இறக்கத்தில்தான், கியர் மாற்றச் சொல்லித்தரும் சாக்கில் அவள் கைமேல் கையை வைத்தான் இந்த உத்தமன்.

"கைய எடுங்க சார்."

எடுக்கவில்லை. அவள் உதறிய வேகத்தில் கியர் நியூட்ரலில் விழுந்தது. வண்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. அவன் காலடியிலேயே பிரேக் இருந்தது. அதை மிதிக்காமல் கதவைத் திறந்து குதித்தான். பதறிய அவள் பிரேக்கைத் தேடுவதற்குள் வண்டி அவளோடு ஏரிக்குள் பாய்ந்தது. போலீஸிடம் வாய் கூசாமல் சொன்னான்: "எறக்கத்துல கியரக் கொறம்மான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் சார். அந்தப் பொண்ணு கேக்கல."

ஊரும் நம்பியது. ஏரியிலிருந்து தூக்கிய வண்டியைப் பார்த்து, "இத்தக் காயலாங்கடைக்குப் போட்ருங்க சார்" என்றான் மெக்கானிக் முருகேசன். தேவேந்திரன் பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டான்.

சாலை சரியத் தொடங்கியது. கியரைக் குறைக்கப் போனான். கிளட்ச் முந்திக்கொண்டது. இம்முறை மேலே வரவில்லை.

இரண்டாவது கியர் விழுந்தது. ஆனால் கிளட்ச் மேலே வந்தால்தானே இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும்? பெடலுக்கு அடியில் காலைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. முதல் கியர். வீண். இன்ஜின் தனியாக உறுமியது, வண்டி தனியாக ஓடியது.

பிரேக். மிதித்தான். அமுங்கவில்லை. இருக்கையிலிருந்து எழும்பி, முழு எடையோடு மிதித்தான். கல்.

ஹேண்ட் பிரேக் தொளதொளவென்று கையோடு வந்தது. கதவு திறக்கவில்லை.

"பிரவீனா... தப்புதாம்மா. எல்லார்கிட்டயும் உண்மைய சொல்லிடறேம்மா. விட்டுடும்மா!"

எதிரே வளைவு. வளைவுக்கு அப்பால் தண்ணீர்.

இடப்பக்கம் குனிந்து பார்த்தான்.

இருக்கை காலிதான். கீழே, டாஷ்போர்டுக்கு அடியில், இரண்டு வெறுங்கால்கள். ஊறி வெளுத்தவை. ஒன்று கிளட்சைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. மற்றது பிரேக்குக்கு அடியில் விரல்களை நுழைத்து, அமுங்கவிடாமல் மேல்நோக்கித் தாங்கிப் பிடித்திருந்தது.