தட்டுகள் கறுத்த காலை

காலை எட்டே கால். ஆய்வகத்தின் வெப்பப் பெட்டியைத் திறந்த இயக்குநர், இழவு விழுந்தாற்போல் அலறினார். உள்ளே வளர்ந்த தோல் செல்கள் எல்லாத் தட்டுகளிலும் கன்னங்கரேலென்று கிடந்தன. கறுக்கச் சொல்லும் புரதத்தையே ஊற்றினாலும் தம் மருந்து அவற்றை வெளுப்பாக வைத்திருக்கும் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். பதினோரு மணிக்கு முதலீட்டாளர்கள் வருகிறார்கள்.

எட்டே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து சேர்ந்தார்.

“சதி, மேடம்!” இயக்குநரின் விரல் உதவியாளப் பெண்ணை நோக்கி நீண்டது. “நேத்து சாயங்காலம் நானே பார்த்தேன், பால் மாதிரி இருந்துச்சு. அப்புறம் இவதான் தனியா இருந்தா. அந்தப் புரதத்தை இன்னொரு குப்பி கவிழ்த்திருக்கா. காலிக் குப்பி இவ டிராயர்லயே கிடக்கு. கேஸ் போடுங்க. இனி எந்த லேப்லயும் இவ கால் வைக்கக் கூடாது.”

“அக்கா பிரசவத்துக்கு ஒரு வாரம் லீவுங்க.” பெண் ஓரடி முன்னால் வந்தாள். “நேத்து சாயங்காலம்தான் திரும்பினேன். கண்ணாடிச் சாமான் கழுவினேன், அவ்வளவுதான். பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு.”

“அந்த ஒரு வாரம் யார் பார்த்துக்கிட்டது?”

“நான்தான்,” என்றார் இயக்குநர் பெருமையாக. “வேற ஒரு கை படவிடல.”

இன்ஸ்பெக்டர் ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எனக்கு இதெல்லாம் தெரியாது சார். தோல் எப்படிக் கறுக்குது?”

மேடை கிடைத்தால் இயக்குநருக்குச் சதியெல்லாம் மறந்துபோகும். டையைச் சரிசெய்துகொண்டார்.

“தூதுப் புரதம் வந்து, செல்லோட வாசல்ல இருக்கிற இன்னொரு புரதத்தைத் தட்டும். அது உள்ளே சேதி அனுப்பும். சேதி கைமாறிக் கைமாறிப் போய் மரபணுவை எழுப்பும். அப்புறம் நொதி தயாராகணும். அந்த நொதிதான் நிறமியைச் சமைக்கும். என் மருந்து வாசல்லயே வழிமறிக்குது!”

“அடேயப்பா. அப்ப ஊத்தின உடனே கறுக்காதா?”

“இது என்ன மையா மேடம்? இந்த அளவு கறுக்க ரெண்டு மூணு நாளாவது ஆகும்.”

சொன்னது அவர் காதுக்கே அப்போதுதான் எட்டியது போலும். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்ப நேத்தே இது கறுப்புதான் சார். பால் மாதிரின்னு சொன்னது பொய். இந்தப் பொண்ணு வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. புரதத்தை ஊத்தினதும் நீங்க, மருந்தை ஊத்தினதும் நீங்க. மருந்து வழிமறிக்கல. அதைச் சொல்ல வாய் வரல, பழி போட ஒரு ஆள் வேணும். குப்பியை டிராயர்ல போட்டதும் நீங்கதான்.”

இயக்குநர் நாற்காலியில் சரிந்தார். “பத்து வருஷ உழைப்பு மேடம்…”

“தோத்தது குத்தமில்ல சார்.”

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம். முதலீட்டாளர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப கேஸ் இல்லைங்களா மேடம்?”

“இருக்கும்மா. உன் மேல இல்ல.”