வரும், வரலாம்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. உள்ளே சிக்கியவள், அந்த மருத்துவமனையின் மரபணு ஆலோசகர். மேல்தளக் கதவைப் பிளந்து, தரையில் படுத்து எட்டிப் பார்த்தவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் முதலில் கண்டது தலைகீழான இரண்டு கண்கள்... மழை இன்னும் சொட்டும் இமைகள்.

"பயந்துட்டீங்களா?"

"இல்லையே. பொழுது போகாமதான் மணி அடிச்சேன்."

சிரித்தான். லிஃப்டை மேலேற்றி, இடக்கையால் மட்டும் கதவைத் தள்ளினான்.

"வலது தோள்ல வலியா?"

"மூணு வருஷம் முன்னாடி மேலேர்ந்து விழுந்தேன். உங்க ஆஸ்பத்திரியிலதான் மரபணு பார்க்க ரத்தம் எடுத்தாங்க. வலியும் போகாதாம், எங்கம்மா மாதிரி மனசும் ஒடிஞ்சிடுமாம்... பரம்பரையாம்."

"யார் சொன்னது?"

"எங்கக்கா. நான் எழுந்திருக்க முடியாம கிடந்தேன், அவதான் போய்க் கேட்டுட்டு வந்தா. 'ரெண்டும் வரும்டா'ன்னு ஒரே அழுகை."

"நாங்க 'வரும்'னு சொல்லவே மாட்டோம். 'வரலாம்'னுதான் சொல்வோம். அடிபட்ட பிறகு சிலருக்கு வலி தங்கிடும், மனசும் சோர்ந்துடும். ரெண்டுக்கும் பொதுவா சில மரபணுக்கள் உண்டு. அதனால வாய்ப்பு கொஞ்சம் கூடும்... அவ்வளவுதான்."

"அட போங்க, எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றல்ல. 'வரும்' எதிர்காலம், 'வரலாம்' ஐயம். அக்காவின் வாயில் ஒரு 'லாம்' தொலைந்ததால், தம்பி மூன்று ஆண்டுகளாகக் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

அதன்பின், பழுதில்லாத அந்த லிஃப்டை அவன் வாரந்தோறும் பழுதுபார்த்தான். அவளும் படிக்கட்டை மறந்தாள்.

ஒரு மழை மாலை. வாசலில் அவளுக்காகக் காத்திருந்தான்.

"அடுத்த வாரத்திலேர்ந்து வேற ஆள் வருவாங்க."

"ஏன்?"

"நாளைக்கே நான் அம்மா மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்துட்டா? 'வரலாம்'னா, வராதுன்னு அர்த்தமில்லையே."

இலக்கணப்படி அது சரி.

"வந்தா டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு, நானும்..." நிறுத்திக்கொண்டாள். "இப்ப வலிக்குதா? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் கண்கள் தாழ்ந்தன...

"வலிக்குது. காலையிலேர்ந்து. யார்கிட்டயும் சொல்றதில்ல... பிடிச்சவங்க விலகிடுவாங்களோன்னு."

"அப்போ, என்னைப் பிடிச்சிருக்கு?"

"ஐயோ... வாய் தவறி வந்துடுச்சுங்க."

"எனக்கும் பிடிச்சிருக்கு. நான் வாய் தவறாமதான் சொல்றேன்."

பதிலுக்குக் காத்திராமல், அவன் காலடியில் இருந்த கருவிப்பெட்டியைத் தூக்கினாள்.

"அம்மாடி... என்ன கனம்!" என்றாள், மறைக்காமல்.