மேகவாசலில் ஒரு முகூர்த்தம்

மாலை ஆறானால் மேகவாசலில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. பாதி எழுதிய கடிதத்தையும் பாதி குடித்த காப்பியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அறுபது மாடி அலுவலகங்களும் தெருவுக்கு இறங்கிவிட வேண்டும். காவல் எந்திரங்கள் கழிப்பறைக் கதவுகளைக்கூட விடாமல் தட்டிப் பார்க்கும். கடைசி ஆளும் போனபின் உள்ளே மிஞ்சுவது ஒரே மனிதர், உரிமையாளர் தில்லைநாயகம்.

அவர் வெளியே கால் வைத்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

சென்னையில் ஒரே மனைக்கு நாலு பேர் பத்திரம் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அசல் எது, போலி எது என்று நீதிமன்றங்களே தலையைப் பிய்த்துக்கொண்டபோதுதான் இருப்புமானி வந்தது. சுவர்களில் பதித்த அந்தக் கருவி, உள்ளே இருப்பவர்களை நாடித்துடிப்பை வைத்தே ஆளாளுக்கு அடையாளம் கண்டுகொள்ளும். அதன்பின் காகிதம் செல்லாது. ஒரு கட்டடத்துக்குள் அதிக காலம் தொடர்ந்து இருப்பவர் யாரோ அவருக்கே அது சொந்தம். வாசலைத் தாண்டினால் கணக்கு பூச்சியம். ஓர் இரவு தங்கிவிட்டால் போதும், நுழைந்த நேரத்திலிருந்து கணக்கு ஏறிவிடும். பிறகு அவரை யாரும் வெளியேற்ற முடியாது. ஏமாற்றவே முடியாத சட்டம் என்று ஊரே மெச்சியது.

மேகவாசலைக் கட்டியவர் ஒரு கப்பல் முதலாளி. பேரன் பிறந்த சந்தோஷத்தில் மருத்துவமனைக்கு ஓடி அதை இழந்தார். பல நாளாகக் கூடவே தங்கியிருந்த அவருடைய வழக்கறிஞருக்கு அது போயிற்று. ஒருநாள் லேசாக நிலம் அதிர்ந்தது. வழக்கறிஞர் எல்லோரோடும் சேர்ந்து தெருவுக்கு ஓடினார். கணக்குப் பிரிவில் முந்தின இரவும் தங்கி வேலை பார்த்த தில்லைநாயகம் மட்டும் மேசைக்கடியில் புகுந்துகொண்டார். அதிர்ச்சி நின்று வழக்கறிஞர் திரும்பி வருவதற்குள் கட்டடம் கைமாறிவிட்டது.

மனைவி சௌந்தரம் கைக்குழந்தையோடு சில மாதம் உள்ளே இருந்து பார்த்தாள். பிள்ளை மண்ணை மிதித்து வளரட்டும் என்று ஒருநாள் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் இறந்தபோது அவர் தகனத்தைத் திரையில்தான் பார்த்தார். அந்த வெட்கம் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் வாசல்வரை போன கால்கள் திரும்பிவிட்டன.

மகள் இளவேனில் கல்யாணச் செய்தியோடு வந்தாள்.

"அம்மா சாவுக்குத்தான் வரல. இதுக்குமா வரமாட்டீங்க?"

"வந்தா எல்லாம் கையைவிட்டுப் போயிடுமேம்மா. உனக்காகத்தானே வெச்சிட்டிருக்கேன்."

"நான் எப்பப்பா இதைக் கேட்டேன்?"

"இங்கயே வெச்சுக்கலாம்மா. கீழ்த்தளத்துல எவ்வளவு பெரிய கூடம் இருக்கு! என் கையால தாரை வார்த்துக் குடுத்துடறேன்."

"சரிப்பா. நீங்க இல்லாம தாலி கட்டிக்க எனக்கு மனசு வரல."

முகூர்த்தம் விடியற்காலையில் அமைந்தது. அப்படியென்றால் மாப்பிள்ளை வீட்டாரை அன்று காலையிலா வரச்சொல்வது? முதல்நாள் மாலையே மாப்பிள்ளை அழைப்பு, இரவு விருந்து, படுக்கப் பாய் தலையணை. எல்லோரையும் வெளியேறச் சொல்லும் ஆறு மணி ஒலிபெருக்கியையும் காவல் எந்திரங்களையும் தில்லைநாயகம் தம் கையாலேயே அணைத்தார். ஓர் இரவுக் கணக்கு அவர் மண்டையில் உறைக்கவே இல்லை. சம்பந்தி வீட்டாருக்கு வெந்நீர் போதுமா என்பதுதான் அவர் கவலை.

தாலி கட்டியாயிற்று. அவர் கண் நிறைந்து அழுதார். மதியச் சாப்பாடும் முடிந்தது. வாசலில் பேருந்துகள் காத்திருந்தன. தாம்பூலப் பையை வாங்கிய முந்நூறு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"கிளம்பலாமா?" என்று மாப்பிள்ளை குகனைக் கேட்டாள் இளவேனில்.

"என்ன அவசரம் இளா? மாமாவுக்கும் வயசாச்சு. கூட இருப்போமே."

ஒரு பெரியவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு தில்லைநாயகத்தின் அருகில் வந்தார். "சம்பந்தி, உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப அதிகமாமே?" இன்னொருவர் இதயத்தைப் பற்றி விசாரித்தார். எல்லோர் பார்வையிலும் அப்படியொரு அக்கறை. தில்லைநாயகத்துக்கு அப்போதுதான் அந்த ஓர் இரவுக் கணக்கு உறைத்தது. தம் சாவுக்காகத் தம் வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு இவர்கள் காத்திருக்கப் போகிறார்கள்!

இளவேனில் அவர் கையைப் பற்றினாள். "வாங்கப்பா, வெளிய போயிடலாம். இது எவனுக்கோ போய்த் தொலையட்டும். நமக்கு ஒண்ணுமில்லன்னு ஆனா குகனும் எழுந்து வந்துடுவார்."

அவர் எழுந்து நடந்தார். கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. யாரோ ஓடிப்போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து போட்டார்கள். வாசலில் ஒருமுறை நின்றார். மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவளோடு வெயிலில் கால் வைத்தார்.

"உரிமை மாற்றம்" என்றது இருப்புமானி. "புதிய உரிமையாளர், வேலாயுதம்."

யார் வேலாயுதம் என்று கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். விருந்தாளிகளுக்கு முன்னால் அடுப்பு மூட்ட வந்தவர் அவர்தானே!

"ஐயோ, நாளைக்குத் தாம்பரத்துல எனக்கு வளைகாப்பு சமையல் இருக்குங்க!" என்று பதறிக்கொண்டே வேலாயுதம் வாசல்வரை வந்தார். நிலைப்படியில் காலைத் தூக்கியவர், தலையை நிமிர்த்தி அறுபது மாடியையும் ஒருமுறை பார்த்தார். தூக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்துக்கொண்டார்.

இளவேனில் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். "குகன், வாங்க. அப்பாவே வெளிய வந்துட்டார்."

குகன் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "மாப்பிள்ளை அழைப்புல முதல்ல உள்ள நுழைஞ்சது யாரு? நான்தானே இளா? அந்த ஆளுக்கு அடுத்தது நான்தான். அவர் எத்தனை நாள் தாங்குவார்? ரெண்டே நாள். நீ வீட்டுக்குப் போய் இரு, வந்துடறேன்."

அந்த ரெண்டு நாள் எவ்வளவு நீளம் என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும். இருபது ஆண்டுகளில் யாரிடமும் கெஞ்சாதவர், கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை, வந்துடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன், வந்துடுங்க."

குகன் சிரித்த முகத்தோடு கையசைத்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சமையல்காரரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.