தொட்டியில் ஊறும் வீடு

மகளை மாடியில் தூங்க வைத்துவிட்டு இறங்கி வந்தவள், கடைசிப் படிக்காகக் காலை நீட்டியபோது அங்கே படி இல்லை, தரைதான் இருந்தது. பிறந்ததிலிருந்து ஏறி இறங்கும் பதினெட்டுப் படிகள். எண்ணிக்கை தவறியிருக்கும், பகல் தூக்கம் கண்ணைக் கட்டுகிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டு, பழைய பசையும் பாச்சை உருண்டையும் நெடியடிக்கும் அப்பாவின் அறைக்குள் போனாள்.

தகரக் குழாய்களில் சுருட்டிய கடல்வழி வரைபடங்கள், கோட்டைப் படங்கள், வயல் எல்லைப் படங்கள் என்று அப்பா ஐம்பது வருடம் சேர்த்தவை அத்தனையும் அடுத்த வாரம் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. பழைய காகிதங்களைச் செப்பனிடுவதுதான் அவளுக்குத் தொழில். அண்ணன் மூலையில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"படி ஒண்ணு குறையுதுண்ணா."

"ஆமா, நான்தான் எடுத்துப் பைக்குள்ள வச்சிருக்கேன். போ, போய் வேலையைப் பாரு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. தொட்டியில் கடைசித் தாள் ஊறிக்கொண்டிருந்தது. நில அளவையாளராக இருந்த கொள்ளுத்தாத்தா, கட்டுவதற்கு முன் வரைந்த இதே வீட்டின் படம் அது. கீழ்த்தளம், மாடி, கட்டில் போடும் இடம்கூடச் சின்னக் கட்டமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஊறினால் அழுக்கு இறங்கிவிடும். தண்ணீரில் இடுமுன் மையின் மேல் ஒரு சொட்டு வைத்து, உறிஞ்சுதாளால் ஒற்றிப் பார்ப்பது தொழிலின் முதல் பாடம். காலையில் ஓரக்கோட்டில் வைத்துப் பார்த்தாள். மை அசையவில்லை.

இப்போது தண்ணீரில் மெல்லிய கறுப்பு இழைகள் நெளிந்தன. பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். ஓரக்கோடு அப்படியே இருந்தது. உள்கோடுகள் வேறு மை. அடிப்பாவி, உள்ளேயும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? முதல் வருடம் படிக்கிறவள்கூடச் செய்யாத தப்பு. மாடிப்படியின் கோடுகளை எண்ணினாள். பதினேழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கோடு இளகி, இழையாகி, நீரோடு போனது. பதினாறு.

பகலெல்லாம் சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயின் சத்தம் நின்றது.

"பரவாயில்லையே, குழாய் தானே சரியாயிடுச்சு," என்று எழுந்த அண்ணன், "பார்த்துட்டு வர்றேன்" என்று போனான்.

படத்தில் சமையலறையைத் தேடினாள். வெறும் தாள்.

"அண்ணா! போகாதே!"

கூடத்துக்கு ஓடினாள். சமையலறை வாசல் இருந்த இடத்தில் சுவர். புதிதாகப் பூசியதல்ல, மற்ற சுவர்களைப் போலவே சுண்ணாம்பு உதிர்ந்த பழைய சுவர். காதை வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு இடம் இருப்பதற்கான ஓசையே இல்லை. குழந்தை! திரும்பினாள். படிக்கட்டும் இல்லை. தலைக்கு மேலே விரிசலில்லாத கூரை, அதற்கும் மேலே மகளின் குரல்.

"அம்மா, கதவக் காணோம்மா!"

"கண்ணு, கட்டில விட்டு இறங்காதே! அம்மா இதோ வந்துட்டேன்!"

எங்கே வருவது? தொட்டிக்கு ஓடினாள். மாடியறையின் சுவர்க்கோடுகள் கரைந்துவிட்டன. கட்டிலின் சின்னக் கட்டம் மட்டும் மிச்சம். அதுவும் வெளிறிக்கொண்டிருந்தது. தண்ணீரை வடித்தால் வடிகிற நீரோடு மையும் போகும். தூக்கலாம். ஆனால் நூறு வருடம் மடிந்து கிடந்த தாள்; நனைந்தால் நடுமடிப்பில் தன் கனத்தாலேயே கிழியும். மடிப்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்தாள்.

கட்டிலின் குறுக்கே.

"கண்ணு! கட்டில விட்டு இறங்கு! சீக்கிரம் இறங்கு!"

"எங்கம்மா இறங்க? கீழ தரையே இல்லம்மா!" என்று குழந்தை அழுதது.

கட்டத்தின் ஒரு பக்கம் இளகியது. இழையாக நீண்டது. இனி நேரமில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தாளுக்கு அடியில் நுழைத்தாள். மூச்சை அடக்கினாள். தூக்கினாள். ஒரு விரல் உயரம். இரண்டு விரல். தாங்கியது. தாங்குகிறது, தாயே, தாங்குகிறது.

தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கிழிந்தது. சத்தமே இல்லை. ஈரத்தாள் அப்படித்தான் கிழியும்.

கைக்கொரு பாதியாய் இரண்டு துண்டுகள். இரண்டிலும் பாதிக் கட்டில், இரண்டிலும் மை சொட்டியது. மேலே குழந்தையின் அழுகை நிற்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தும் இந்தக் கோடியிலிருந்தும், ஒரே நேரத்தில், ஒரே குரலில் கேட்டது.